ஒற்றை ஆள் விமானமும் ஒரு கணக்கு நோட்டும்



இது கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது நிதானமாகப் படியுங்கள். பொறியியல் படித்தவர்கள், முக்கியமாக பெங்களூரிலும் சென்னையிலும் விமானம் சார்ந்த வேலை பார்க்கும் நம் பிள்ளைகள், கடைசிவரை வந்துவிடுங்கள். கடைசியில் உங்களிடம் ஒரு வேண்டுகோள் இருக்கிறது.

என்னிடம் படித்த மாணவர் ஒருவரின் மகன் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் மாட்டுக் கொட்டகையில் ஒரு விமானம் செய்துகொண்டிருக்கிறான். பொம்மை விமானம் இல்லை, ஆள் உட்கார்ந்து பறக்கும் விமானம். ஒரே ஒரு இருக்கை. அலுமினியக் குழாய், பாய்மரத் துணி, எஃகுக் கம்பி, பழைய புல்லட் இஞ்சின். (பெயர் வேண்டாம் என்று குடும்பத்தார் கேட்டுக்கொண்டதால் எழுதவில்லை. ஊரில் இருப்பவர்களுக்குத் தெரியும், நீங்களும் பின்னூட்டத்தில் எழுத வேண்டாம்.) பாலிடெக்னிக் முடித்துவிட்டு ஒரகடம் பக்கம் வேலைக்குப் போகிறான். ஒன்றரை வருடச் சம்பளமும் அம்மாவின் வளையல் இரண்டும் அந்தக் கொட்டகைக்குள் போயிருக்கின்றன.

அப்பா என்னிடம் வந்தார். "சார், நீங்க சொன்னா கேப்பான். வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லுங்க சார். சித்திரையில ஏரி காஞ்சதும் அங்கேயே ஓட்டிப் பாக்கறேன்னு நிக்கிறான். ஒரே புள்ள சார்."

வேண்டாம் என்று சொல்ல ஒரு நிமிடம் போதும். ஆனால் முப்பது வருடத்துக்கு மேல் கணக்கும் இயற்பியலும் நடத்தியவன், கணக்கைப் பார்க்காமலே விடைத்தாளில் தப்பு போடுவது எப்படி? டேப்பும் ஒரு நாற்பது பக்க நோட்டும் எடுத்துக்கொண்டு போனேன். மூன்று வாரம் போய்வந்தேன்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். "கிராமத்துப் பையனுக்கு விமானம் எதுக்கு" என்று கேட்பவர்களுக்காக. இந்தியாவில் தானாகச் செய்த விமானத்தைப் பறக்கவிட்ட முதல் ஆட்களில் ஒருவர் நம் பக்கத்துக்காரர்தான். ஜியாகோமோ டி ஏஞ்சலிஸ் என்பவர் மெட்ராஸ் மவுண்ட் ரோட்டில் ஹோட்டல் நடத்திவந்தார். 1909 ஜூலை 25-ஆம் தேதி பிரான்சின் லூயி பிளேரியோ ஒற்றை ஆள் விமானத்தில் ஆங்கிலக் கால்வாயைத் தாண்டினார். அந்தச் செய்தியின் வேகத்தில் டி ஏஞ்சலிஸ் தானே ஒரு விமானத்துக்கு வரைபடம் போட்டார். சாரட்டு வண்டி கட்டிக்கொண்டிருந்த சிம்ப்சன் கம்பெனியில் அதைக் கட்டவைத்தார். 1910 மார்ச்சில் பல்லாவரத்தில் பறக்கவிட்டார். பல்லாவரம் அன்றைக்குச் செங்கல்பட்டு மாவட்டம், நம் பழைய மாவட்டம். அப்பளம் போல உடையும் அந்தக் கால விமானத்தில் ஒரு ஹோட்டல்காரர் ஏறியிருக்கிறார் என்றால், பாலிடெக்னிக் படித்தவன் ஆசைப்படுவதில் அதிசயம் ஒன்றும் இல்லை.

இந்த வகை விமானத்துக்கு அல்ட்ராலைட் என்று பெயர். எவ்வளவு எடை இருந்தால் அல்ட்ராலைட் என்பது நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவில் 1982 முதல் ஒரு விதி இருக்கிறது. ஒரே இருக்கைதான் இருக்க வேண்டும். வெற்று எடை 115 கிலோவுக்குள். பெட்ரோல் 19 லிட்டருக்குள். உச்ச வேகம் மணிக்கு 102 கிலோமீட்டருக்குள். மிகக் குறைந்த பறக்கும் வேகம் 44 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது. இதற்குள் அடங்கினால் அங்கே ஓட்டுநர் உரிமம்கூடக் கேட்பதில்லை. நம் நாட்டில் அப்படி இல்லை, அதைப் பிறகு சொல்கிறேன். ஆனால் வடிவமைப்பைப் புரிந்துகொள்ள இந்த நாலு எண்ணும் நல்ல அளவுகோல். பாருங்கள், இந்த நாலு எண்ணை வைத்தே முழு விமானத்தையும் கணக்குப் போட்டுவிடலாம்.

விமானம் 115 கிலோ, ஆள் 75 கிலோ, பெட்ரோல் 14 கிலோ. மொத்தம் சுமார் 205 கிலோ. இதைத் தூக்க 2000 நியூட்டன் தூக்குவிசை வேண்டும். இறக்கை தரும் தூக்குவிசை காற்றின் அடர்த்தி, இறக்கையின் பரப்பு, இறக்கையின் வடிவத்துக்கான ஒரு எண், வேகத்தின் வர்க்கம் இவற்றைப் பொறுத்தது. வேகத்தின் வர்க்கம் என்பதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். வேகம் பாதியானால் தூக்குவிசை காலாகிவிடும். மெதுவாகப் பறக்க வேண்டும் என்றால் பெரிய இறக்கை வேண்டும் என்பது இதனால்தான். மணிக்கு 44 கிலோமீட்டர் என்றால் விநாடிக்கு 12 மீட்டர் சொச்சம். கணக்குப் போட்டால் இறக்கைப் பரப்பு ஏறத்தாழ 14 சதுர மீட்டர் வருகிறது. 150 சதுர அடி, அதாவது பத்துக்குப் பதினைந்து அறை ஒன்றின் தரை. பிளேரியோ கால்வாயைத் தாண்டிய விமானத்தின் இறக்கையும் 14 சதுர மீட்டர்தான். காற்று அன்றைக்கும் இன்றைக்கும் ஒரே கணக்கைத்தான் போடுகிறது.

பையனுடைய இறக்கையை அளந்தேன். நீளம் 8.4 மீட்டர், அகலம் ஒன்றரை மீட்டர். 12.6 சதுர மீட்டர். அவன் மெலிந்த உடம்பு, 52 கிலோ. அவனுடைய எடைக்கு மிகக் குறைந்த வேகம் 45 கிலோமீட்டர் வந்தது. நல்ல மதிப்பெண். "ஏண்டா, இந்தப் பரப்பு எப்படி வந்துச்சு?" என்று கேட்டேன். "நாலு பிளான் பாத்தேன் சார், எடைய பரப்பால வகுத்துப் பாத்தேன், எல்லாத்துலயும் கிட்டத்தட்ட ஒரே விடை" என்றான். நான் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன். வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

ஆனால் அவன் பார்த்த பிளான்கள் எல்லாம் குளிர்நாட்டுப் பிளான்கள். நம் சித்திரை வெயிலில் 40 டிகிரியில் காற்றின் அடர்த்தி 15 டிகிரியில் இருப்பதைவிட 8 சதவீதம் குறைவு. இறக்கைக்கும் அந்த 8 சதவீதம் நஷ்டம், இஞ்சினுக்கும் கிட்டத்தட்ட அதே நஷ்டம், புரொப்பல்லருக்கும் நஷ்டம். ஏரி காயும் மாதம்தான் பறப்பதற்கு மோசமான மாதம். இதை அவனும் யோசித்திருக்கவில்லை.

இஞ்சினுக்கு வருவோம். அவனுடைய விமானம் நேராகப் பறக்க, காற்றுத் தடை, புரொப்பல்லரில் வீணாவது எல்லாம் சேர்த்து 11 குதிரைத்திறன் வேண்டும். விநாடிக்கு 2 மீட்டர் மேலே ஏற இன்னும் 8 அல்லது 9. ஆகமொத்தம் 20. பழைய 350 சிசி புல்லட்டின் முழுத் திறனே 20 குதிரைதான். வெயிலில் 18 ஆகிவிடும். மோட்டார் சைக்கிள் முழுத் திறனில் ஓடுவது சில விநாடிகள்தான். விமானமோ ஏறும்போது நிமிடக்கணக்கில் முழுத் திறனைக் கேட்கும். சைக்கிளில் இஞ்சின் நின்றால் ஓரமாகத் தள்ளி நிறுத்தலாம். மேலே ஓரம் கிடையாது.

ஒரு விஷயத்தில் பையனைப் பாராட்ட வேண்டும். புரொப்பல்லரை இஞ்சினில் நேராக மாட்டவில்லை, பெல்ட் போட்டு வேகத்தைப் பாதியாக்கியிருக்கிறான். ஏன் என்று கேட்டேன். 1.4 மீட்டர் புரொப்பல்லர் நிமிடத்துக்கு 5000 சுற்று சுற்றினால் அதன் நுனி விநாடிக்கு 366 மீட்டர் வேகத்தில் போகும், அது ஒலியின் வேகத்தைத் தாண்டிவிடும், சத்தம் வரும், இழுப்பு வராது என்று தரையில் குச்சியால் எழுதிக் காட்டினான். வட்டத்தின் சுற்றளவு எதற்கு உதவும் என்று வகுப்பில் கேட்ட அத்தனை பேரும் இங்கே கவனிக்கவும்.

இனி இதயமான விஷயம். அதுதான் சமநிலை.

பெரிய விமானத்தில் ஒரு ஆள் இடம் மாறி உட்கார்ந்தால் ஒன்றும் ஆகாது. ஒற்றை ஆள் விமானத்தில் அந்த ஆளே மொத்த எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். அவர் எங்கே உட்காருகிறார் என்பதுதான் விமானத்தின் தலையெழுத்து. இறக்கையின் முன் விளிம்பிலிருந்து அளந்தால், அகலத்தில் கால் பங்கை ஒட்டி, 20-லிருந்து 30 சதவீதத்துக்குள் மொத்த ஈர்ப்பு மையம் விழ வேண்டும். முன்னால் போனால் மூக்கு கனத்து, தரையை விட்டுக் கிளம்பாது. அது தொல்லை. பின்னால் போனால் ஆபத்து. ஒரு சின்னக் காற்று மூக்கைத் தூக்கினால், விமானம் தானாகத் தாழாமல் இன்னும் தூக்கிக்கொள்ளும். வேகம் விழும். இறக்கை காற்றைப் பிடிக்காது. 30 அடி உயரத்தில் இது நடந்தால் சரிசெய்ய உயரமும் இல்லை, நேரமும் இல்லை.

அரிசி மண்டியிலிருந்து மூன்று மின்னணுத் தராசு வாங்கிவந்தோம். மூன்று சக்கரத்தின் கீழும் ஒவ்வொன்று. திருப்புத்திறன் கணக்கு, பத்தாம் வகுப்புப் பாடம்தான். வெற்று எடை 128 கிலோ (புல்லட் இஞ்சினின் கனம்). அதன் மையம் முன் விளிம்பிலிருந்து 80 சென்டிமீட்டர் பின்னால், ஏனென்றால் அந்தக் கனமான இஞ்சினை இறக்கைக்குப் பின்னால் வைத்திருக்கிறான். இருக்கை சரியாக முன் விளிம்புக்குக் கீழே. 128-ஐ 80-ஆல் பெருக்கி, மொத்த எடையான 180-ஆல் வகுத்தால் 57 சென்டிமீட்டர். ஒன்றரை மீட்டரில் 38 சதவீதம்.

நான் வாயைத் திறக்கவில்லை. நோட்டை அவனிடம் தள்ளினேன். அவன் இரண்டு முறை வகுத்துப் பார்த்தான். கொஞ்ச நேரம் கொட்டகையின் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம், "சார், ஏரியில ஓட்டியிருந்தா..." என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டான். அவனுடைய அப்பா கொட்டகை வாசலில்தான் நின்றுகொண்டிருந்தார்.

மறுநாள் காலை அவனே விடையோடு வந்தான். இருக்கையை 50 சென்டிமீட்டர் முன்னால் கொண்டுபோனால் மையம் 28 சதவீதத்துக்கு வருகிறது. 75 கிலோ ஆள் உட்கார்ந்தாலும் 21 சதவீதம், வரம்புக்குள்தான். நானும் போட்டுப் பார்த்தேன், சரி. அதோடு, பெட்ரோல் தீரத் தீர மையம் நகராமல் இருக்க டேங்க்கை மையத்தை ஒட்டியே வைக்க வேண்டும் என்பதையும் அவனே கண்டுபிடித்திருந்தான்.

இனி வலிமை. திரும்பும்போதும், காற்று தூக்கிப்போடும்போதும் இறக்கை மீது விமானத்தின் எடையைப்போல நாலு மடங்கு சுமை வரலாம். அதற்கு மேல் ஒன்றரை மடங்கு பாதுகாப்பு. ஆக ஆறு மடங்கு. இதைச் சோதிக்க உலகம் முழுவதும் இருக்கும் பழைய வழி மணல் மூட்டைதான். இறக்கையைத் தலைகீழாகக் கவிழ்த்து, நடுவில் அதிகமும் நுனியில் குறைவுமாக மூட்டை அடுக்க வேண்டும். மொத்த எடையை 200 என்று வைத்து, இறக்கையின் சொந்த எடை 35-ஐக் கழித்தால் 165. ஆறு மடங்கு 990 கிலோ. 50 கிலோ மூட்டை இருபது. இருபது மூட்டையையும் தாங்கி உடையாமல் நிற்க வேண்டும். முதல் பன்னிரண்டு, பதின்மூன்று மூட்டை வரை ஏற்றி இறக்கினால் இறக்கை வளைவில்லாமல் பழைய நிலைக்கே திரும்ப வேண்டும். இதை அவன் இன்னும் செய்யவில்லை.

"நான் எல்லா கணக்கும் போட்டுட்டேன், இனி என்ன?" என்று யாரும் கேட்கக் கூடாது என்பதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1930-களில் பிரான்சில் ஹென்ரி மின்யே என்பவர் ஒற்றை ஆள் விமானம் ஒன்றை வடிவமைத்து, யார் வேண்டுமானாலும் வீட்டிலேயே செய்யலாம் என்று 1934-ல் புத்தகம் போட்டார. 'வானத்துப் பேன்' என்பது அதன் செல்லப்பெயர். ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு இறக்கை. தச்சரும் கடைக்காரரும் அதைச் செய்து பறந்தார்கள். அவர் தானே பறந்து காட்டிய, நன்றாகப் பறந்த விமானம்தான். ஆனால் சிலர் செங்குத்தாக விழுந்து செத்தார்கள். கடைசியில் முழு விமானத்தையே காற்றுச் சுரங்கத்தில் வைத்துச் சோதித்தபோது தெரிந்தது. மூக்கு ஒரு கோணத்துக்குக் கீழே இறங்கிவிட்டால், முன் இறக்கையின் காற்று பின் இறக்கையைப் பாதித்து, எவ்வளவு இழுத்தாலும் மூக்கு மேலே வராது. மின்யே அப்புறம் வடிவத்தைத் திருத்தினார். போன உயிர்கள் போனவைதான்.

நல்ல முன்மாதிரியும் நம் பக்கத்திலேயே இருக்கிறது. கேரளத்தில் இடுக்கி மாவட்டம் தொடுபுழாப் பக்கத்துக்காரர் சஜி தாமஸ். பிறவியிலேயே காது கேளாதவர், வாய் பேச முடியாதவர். ஏழாம் வகுப்போடு படிப்பு நின்றது. பல வருடம் பாடுபட்டு அல்ட்ராலைட் விமானம் செய்தார். அது பறந்தது நம் திருநெல்வேலிச் சீமையில், மணிமுத்தாறில். ஓட்டியவர் ஓய்வுபெற்ற விமானப்படை விங் கமாண்டர் எஸ்.கே.ஜே. நாயர். இவருடைய கதையைத் தழுவி 2017-ல் பிரித்விராஜ் நடித்து 'விமானம்' என்று மலையாளப் படமே வந்தது. பையனிடம் இதில் ஒரு விஷயத்தை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னேன். செய்தவர் ஒருவர், பறக்கவிட்டவர் வேறொருவர், அதுவும் வாழ்நாளெல்லாம் விமானம் ஓட்டியவர். புது விமானத்தையும் புது ஓட்டுநரையும் ஒரே நாளில் சோதிக்கக் கூடாது.

குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் அப்துல் கலாம் படித்தபோது, ஒரு சிறிய தாக்குதல் விமானத்தை வடிவமைக்கும் வேலையைப் பேராசிரியர் கொடுத்தார். அதை ஒரு குழு பிரித்துக்கொண்டு செய்தது, கலாம் காற்றியக்க வடிவத்தைப் பார்த்துக்கொண்டார், மற்றவர்கள் இஞ்சின், கட்டுமானம், கட்டுப்பாடு என்று எடுத்துக்கொண்டார்கள். இவன் அத்தனையையும் ஒரே தலையில் சுமக்கிறான். கணக்கில் கெட்டிக்காரனாக இருந்தாலும், தன் தவறைத் தானே பார்ப்பது கஷ்டம். விடைத்தாளை இன்னொருவர் திருத்துவது அதற்காகத்தான்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். நம் நாட்டில் இப்படிப்பட்ட இஞ்சின் விமானம் பறக்க டி.ஜி.சி.ஏ.யின் பதிவும் அனுமதியும் வேண்டும், ஓட்டுபவருக்கு உரிமம் வேண்டும். மீனம்பாக்கம், தாம்பரம் விமானப்படைத் தளம், கல்பாக்கம் அணுமின் நிலையம் எல்லாம் நமக்கு ரொம்பத் தூரம் இல்லை. வானம் திறந்து கிடக்கிற மாதிரி தெரிந்தாலும் அது யாரும் நினைத்தபடி ஏறும் இடம் கிடையாது. ஏரியில் ஓட்டுவது குற்றம் என்று அவனிடம் தெளிவாகச் சொல்லிவிட்டேன்.

"இவ்வளவு விதியா சார்?" என்று அலுத்துக்கொண்டான். உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரைப் போய்ப் பார்த்துவா என்றேன். முதலாம் பராந்தகன் காலத்தில், சுமார் 1100 வருடத்துக்கு முன்னால், ஊர் வாரியத்துக்கு நிற்க யாருக்குத் தகுதி, யாருக்கு இல்லை என்று கல்லில் வெட்டி வைத்த ஊர் இது. வயது 35-லிருந்து 70-க்குள். வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் நிற்க முடியாது, அவருடைய நெருங்கிய உறவினரும் நிற்க முடியாது. ஊரார் பணத்துக்கே அவ்வளவு கணக்கு கேட்ட ஊரில், உன் உயிருக்குக் கணக்குக் கேட்கக் கூடாதா என்றேன். சிரித்தான்.

அப்பாவுக்கு நான் சொன்ன பதில் இதுதான். "வேண்டாம்னு நான் சொல்லமாட்டேன். சொன்னா, எனக்கும் உனக்கும் தெரியாம ஒருநாள் விடியக்காலையில ஏரிக்குப் போவான். செய்யட்டும். ஆனா நான் சொல்ற வரிசையில செய்யட்டும்." வரிசை: இருக்கை மாற்றி மறுபடி எடை போடுவது, மணல் மூட்டைச் சோதனை, தெரிந்தவர்கள் கணக்கு நோட்டைத் திருத்துவது, அவன் முறையாகப் பறக்கக் கற்றுக்கொள்வது, அனுமதி. அதற்கப்புறம்தான் சக்கரம் தரையை விட வேண்டும். மூன்று வருடம் ஆகலாம். ஆகட்டும். ஒப்புக்கொண்டதற்கு அடையாளமாகப் புரொப்பல்லரை அவனே கழற்றி எடுத்துவந்து கொடுத்தான். இப்போது அது என் வீட்டுப் பரணில், பழைய பாத்திரங்களோடு இருக்கிறது. அப்பா வந்து அதை ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார். அன்றைக்கு ராத்திரி நன்றாகத் தூங்கியதாக மறுநாள் சொன்னார்.

இனி என் வேண்டுகோள்.

பணம் யாரும் அனுப்ப வேண்டாம். அவனும் வாங்கமாட்டான். எனக்கு வேண்டியது உங்கள் கண். இறக்கையின் முதன்மைக் குழாய், அதைத் தாங்கும் சாய்வுக் குழாய், இணைப்பு போல்ட்டுகள் இவற்றின் வலிமைக் கணக்கைக் கட்டுமானப் பொறியியல் தெரிந்த இரண்டு பேராவது தனித்தனியாகத் திருத்த வேண்டும். ஒருவர் திருத்தியதை மற்றவர் பார்க்காமல் திருத்துங்கள். இரண்டு விடையும் ஒத்துவந்தால்தான் நான் நம்புவேன், நம் பள்ளியில் பொதுத்தேர்வு மாதிரித் தாள் திருத்திய அதே முறை. பறக்கும் பயிற்சிக் கழகங்களில் பழக்கமுள்ளவர்கள் இருந்தால், உரிமம் பெற்ற பயிற்சியாளர் ஒருவர் ஒருநாள் இங்கே வந்து பார்த்துவிட்டுப் போக ஏற்பாடு செய்யுங்கள். "இதைப் பிரித்துப் போடு" என்று அவர் சொன்னால் பிரித்துப் போடுவது என்று பையன் வாக்குக் கொடுத்திருக்கிறான்.

நோட்டின் நாற்பது பக்கத்தையும் படம் எடுத்து வைத்திருக்கிறேன். கேட்பவர்களுக்குத் தனிச் செய்தியில் அனுப்புகிறேன். சிவப்பு மையில் தாராளமாகத் திருத்துங்கள். மார்க் போடும்போது மட்டும் பழைய பாசம் வேண்டாம்.

எல்லோரும் நலமாக இருங்கள்.

உங்கள் கணக்கு வாத்தியார்,
திருப்புலிவனம்